வெட்ட முடியாத படம்

சித்திரை 11, வியாழன்

ராத்திரி நல்ல மழை. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி புகுந்து ஒரு ஓரத்தையே புரட்டிவிட்டது. வேலி ஓட்டையை முள் வைத்து அடைத்துவிட்டு வந்து களி கிண்டினேன்.

ஆர்த்தி தட்டைத் தொடவில்லை. போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் என் மகள் மணிமேகலையின் மகள். மகளும் மருமகனும் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடக்கிறார்கள், இவளை வளர்த்தது நான். "என்ன கண்ணு?" என்றேன். போனை என் பக்கம் திருப்பினாள்.

என் மூஞ்சி.

தை மாசம் எங்கள் ஊர்க் களத்தில் நான் சாமை புடைக்கிற படம். கொட்டாய்க் கூரை இடுக்கு வழியாக வெயில் இறங்குகிறது. உமித் தூசி புகையாக நிற்கிறது. நடுவில் முறத்தோடு நான். எடுத்தது ஆர்த்தி. சென்னையில் ஒரு பெரிய போட்டியாம், கண்ட கண்ட ஊர்க்காரரெல்லாம் அனுப்பினதில் கடைசியாகத் தேறின படங்களில் இதுவும் ஒன்றாம். சந்தோசப்பட வேண்டியதுதானே, களி ஆறுது, தின்னு என்றேன்.

"அடியில யுவராஜ்னு போட்டிருக்குது அம்மாயி."

யுவராஜ் அடிவாரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். போன வருசம் பூராவும் இவள் அவனிடம் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துக் கொடுத்தாள். தை மாசம் இவள் லேப்டாப் ரிப்பேராகக் கிடந்ததால் களத்துப் படங்களை அவன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாளாம். ஒரு மத்தியானம் கேமராக் கார்டு அவன் கையில் இருந்திருக்கிறது. அவ்வளவு போதும் அவனுக்கு.

என் மூஞ்சி, இவள் கை, அவன் பேரா?

யுவராஜ். எழுதி வைத்துவிட்டேன். எழுதாவிட்டாலும் மறக்க மாட்டேன்.


சித்திரை 12, வெள்ளி

அவனுக்குப் போன் போட்டேன். ஆர்த்தி வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் கேட்கிற ஆளா?

"பாட்டி, ஸ்டுடியோவுல வேலை பாக்கறப்ப எடுத்ததெல்லாம் ஸ்டுடியோ படந்தானுங்களே."

"ஸ்டுடியோவுலயா எடுத்துச்சு? எங்கூர்க் களத்துல எடுத்தது. நீ அந்தக் களத்தைக் கண்ணுல பாத்திருக்கியா? கொட்டாய் எந்தத் திக்கைப் பாத்து நிக்குதுன்னு சொல்லு பாக்கலாம்."

"உங்களுக்கு வெவரம் தெரியாதுங்க பாட்டி. ஆர்த்திகிட்டச் சொல்லுங்க, முகூர்த்தம் வருது, கூப்பிடறேன்."

வைத்துவிட்டான்.

ஆர்த்தி கொண்டுபோய்க் கொடுத்த எங்கள் மலைவாழைச் சீப்பு முழுசையும் ஒருத்தனாகத் தின்றவன் இவன். தோலை இவள் மேசை மேலேயே போட்டானாம். அன்றைக்கே ஆள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும் இவளுக்கு.


சித்திரை 14, ஞாயிறு

போட்டி நடத்துகிற பூங்குழலி மேடம் பதில் போட்டிருக்கிறார். ரெண்டு பேரும் என் படம் என்கிறீர்கள், எடுத்தவர் கையில் ரா பைல் இருக்கும், அன்று காலையில் எடுத்த அத்தனை ரா பைலையும் கை வைக்காமல் அனுப்புங்கள், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் எந்தப் பேர் இருக்கிறதோ அதையே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன் என்று.

அதென்னடி ரா என்றேன். பச்சை என்று அர்த்தமாம். கேமராக் கண்ணில் விழுந்தது விழுந்தபடியே இருப்பது. எனக்கு விளங்கிவிட்டது. நாம் போனில் பார்க்கிறோமே, அது குத்திப் புடைத்த சாமை. ரா என்பது கதிர். எந்தக் காட்டில் விளைந்தது, என்றைக்கு அறுத்தது எல்லாம் கதிரைப் பார்த்தால் தெரியும். கேமரா ராவோடு சேர்த்து எடுத்து வைக்கிற சின்னப் படங்களை மட்டும் யுவராஜ் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான் என்கிறாள் ஆர்த்தி. ரா பைல் ஒவ்வொன்றும் பெருசு, இடத்தை அடைக்குமென்று விட்டுவிட்டான். ஆகக்கூடி அவனிடம் அரிசி, நம்மிடம் கதிர்.

"வாட்ஸப்புல தட்டிவுடு, போய்ச் சேரட்டும்" என்றேன்.

"அது நசுக்கிடும் அம்மாயி. நீ கதிரைக் குடுத்தா மாவாக்கித்தான் கொண்டுபோய்க் குடுக்கும்."

அதனால் நெட்டில் ஒரு இடத்தில் எல்லாவற்றையும் முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, மேடத்துக்கு அந்த இடத்தின் விலாசத்தை அனுப்ப வேண்டுமாம். மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு வாங்குகிறவனுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி. செய்தால் போச்சு. இதற்கா இவள் மூணு நாளாகச் சோறு தின்னவில்லை?


சித்திரை 15, திங்கள்

நாமக்கல் போய் அனுப்பிவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கினாள். நான் விடவில்லை. நாளைக்கு மாரியாயி நோம்பிக்குக் காப்புக் கட்டுகிறார்கள். இந்த வருசம் மாவிளக்கு எங்கள் வீட்டு முறை. தினை இடிக்க வேண்டும், வெல்லம் தட்ட வேண்டும், வீடு மெழுக வேண்டும். வீட்டில் பேசுகிற அளவுக்குத்தான் டவர், பாறை மேல் நின்றால் எப்போதும் நன்றாக எடுக்கிறதே, அங்கே போய் அனுப்பிக்கலாம் என்றேன்.

நான் சொன்னது சரிதான்.


சித்திரை 16, செவ்வாய்

எனக்கும் ஆர்த்திக்கும் காப்புக் கட்டியாயிற்று. இனி அடுத்த வாரம் நோம்பி முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. யாரையும் வையக் கூடாது.

கடைசிதான் எனக்குக் கஷ்டம்.


சித்திரை 17, புதன்

பாறைக்குப் போனோம். லேப்டாப்பை நான் முந்தானையில் மூடிக்கொண்டேன், தூறல் விழுந்தது. போய்ப் பார்த்தால் பாறை மேல் ஊர்ச்சனம் பூரா நிற்கிறது. திருப்பூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் நோம்பிக்கு வந்தவர்கள். ஆளுக்கொரு போன். ஒருத்தி கம்பம் நட்டதை வீடியோவில் யாருக்கோ காட்டுகிறாள். இன்னொருத்தன் பம்பைக்காரரைக் காட்டிக்கொண்டே சத்தம் போடுகிறான், "தெரியுதா? தெரியுதா?" என்று.

எங்கள் பைல் கொஞ்சம் ஏறுகிறது, நிற்கிறது, விழுந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. பொழுது சாயும்வரை நின்றோம். ஒன்றே ஒன்று கூட முழுசாக ஏறவில்லை.

"முந்தாநாளே நாமக்கல் போயிருக்கலாம்" என்றாள் ஆர்த்தி. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் சொன்னது தப்பில்லை. டவர்தான் தப்பு.

காப்பை அவிழ்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். சாமிகிட்ட கட்டினதை நடுவில் அவிழ்க்கிறதா? அப்புறம் ஒரு மாவிளக்கு இந்த வீட்டிலிருந்து போகுமா? சரி, மலை இறங்குகிற யார் கையிலாவது அந்தக் கருப்புப் பெட்டியை, ஹார்ட் டிஸ்க் என்பாளே, அதைக் கொடுத்து அனுப்பு என்றேன், படமெல்லாம் அதில்தானே இருக்கிறது.

"இன்னொருத்தர் கையில குடுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன் அம்மாயி."

அதுவும் நியாயம்.


சித்திரை 18, வியாழன்

இன்றும் பாறை. இன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஆர்த்தி மெதுவாகச் சொன்னாள், "ராஜதுரை மாமா ஊட்டுல பைபர் நெட் இருக்குது. ஹோம் ஸ்டேக்குப் போட்டது. ஒரே நாள்ல ஏறிடும்."

முடியாது என்றேன்.

ஏன் முடியாதென்று இவளுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ராஜதுரை என் வீட்டுக்காரருடைய தங்கச்சி பொன்னாயியின் மகன். முறைப்படி என் மகள் மணிமேகலையைக் கட்ட வேண்டியவன். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. ஒரு நாள் பொன்னாயி வந்தாள். பாசிப்பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம். நாள் குறிக்க வந்திருக்கிறாளென்று பணியாரம் சுட்டேன். ரெண்டைத் தின்றாள். மூணாவதைக் கையில் வைத்துக்கொண்டே, அண்ணன் பெண்டாட்டிக்கு உண்டான நங்கையா முறையும் விடாமல் சொன்னாள், "எம் பையனுக்கு ராசிபுரத்துல பொண்ணு பாத்தாச்சு, நங்கையா." சொல்லிவிட்டு அந்த மூணாவதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள். கதவுக்குப் பின்னால் மணிமேகலை நின்றிருந்தது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கிருந்து நான் அவள் வாசலை மிதித்ததில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது வந்து மாரிலே அடித்துக்கொண்டு அழுதாள். அழட்டும், அவளுக்கு அண்ணன். அதற்காக அந்தப் பணியாரம் இல்லையென்று ஆகிவிடுமா?

சாயங்காலம் இன்னொரு கூத்து. ஆர்த்தி லேப்டாப்பில் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் போன அதே படம், ரா. என் இடது பக்கத்து மூலை கரியாக இருந்தது. "ராவுல இருட்டுக்குள்ளயும் படம் இருக்கும், பாரு" என்று எதையோ பிடித்து இழுத்தாள். மூலை வெளுத்தது. முதலில் மூட்டை தெரிந்தது. அப்புறம் ஒரு கால். அப்புறம் மூட்டை மேல் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஒரு பொம்பளை.

பொன்னாயி!

மறந்தே போனேன் பாருங்கள், நானா மறப்பேன், அவளை அன்று நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. களத்தில் முறை உண்டு. ஒருத்தி புடைத்து முடிக்கிற வரைக்கும் அடுத்த முறைக்காரி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் முறை போய்விடும். அன்று எனக்கு அடுத்த முறை பொன்னாயி. அதனால்தான் நான் அவ்வளவு நிதானமாகப் புடைத்தேன். ஒரு கல், ஒரு தூசி இல்லாமல். "அன்னிக்கு உன் கையில இருந்த நிதானந்தான் அம்மாயி இந்தப் படமே" என்று ஆர்த்தி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். எதனால் அந்த நிதானம் வந்ததென்று நான் சொன்னதில்லை.

"இவளை வெட்டிட்டு அனுப்பு" என்றேன்.

"ராவுல வெட்ட முடியாது அம்மாயி. வெட்டினா அது ரா இல்ல."

"என் படத்துல இவ எதுக்கு?"

"யுவராஜ்கிட்ட இருக்கற சின்னப் படத்துல இந்த மூலை வெறும் கரி. எவ்வளவு இழுத்தாலும் கரிதான். இங்க ஒரு ஆள் இருக்கறது அவனுக்குத் தெரியாது. எடுத்தவளுக்குத்தான் தெரியும்."

ரெண்டு பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.


சித்திரை 19, வெள்ளி

நாளைக்குச் சாயங்காலம் கெடு. காலையில் எழுந்ததும் முடிவு செய்துவிட்டேன்.

காப்புக் கட்டினவள் வேண்டுதல் வைத்தால் மடிப்பிச்சை எடுக்கலாம். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு, கையில் வேப்பிலை, முந்தானையை ஏந்திக்கொண்டு ஊர் பூராவும் போக வேண்டும். ஒரு வாசலையும் விடக் கூடாது. எந்த வீட்டிலும் இல்லையென்று சொல்லக் கூடாது. ஏனென்றால் கேட்கிறது நானில்லை, மாரியாயி. ஆக, நான் பொன்னாயியிடம் போய் நின்றேன் என்று எவளும் சொல்ல முடியாது. நன்றாக யோசித்துத்தான் இறங்கினேன். வேண்டுதலும் பொய்யில்லை. ஆர்த்தி பேர் அவளுக்கு வர வேண்டும், அதுதான்.

எல்லா வீட்டிலும் கேழ்வரகோ சாமையோ போட்டார்கள். காலில் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியாக ராஜதுரை வீடு. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்தான், நல்லவேளை. வாசலில் ஒரு வெளியூர்க் கார் நின்றது. ஆர்த்தி லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"மாரியாயிக்கு மடிப்பிச்சை!" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

பொன்னாயி முறத்தில் கேழ்வரகோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"வழி தப்பிட்டயா நங்கையா?"

"எல்லா ஊட்டுக்கும் போகச் சொல்லி மாரியாயி உத்தரவு. உன்னூடும் ஊருக்குள்ளதான இருக்குது."

"இத்தனை வருசமா வெளியில இருந்துச்சாட்ட இருக்குது."

வாய் வரைக்கும் வந்தது. காப்பைப் பார்த்துக்கொண்டேன். அவள் கேழ்வரகைக் கொட்டினாள். குறைக்காமல்தான் கொட்டினாள், அதை மறைக்க மாட்டேன். நான் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"கேவுரு எல்லா ஊட்லயும் போட்டாங்க. உன்னூட்டுல மட்டும் இருக்கறது ஒண்ணு இருக்குது. நெட்டு. அதையும் போடு."

உள்ளேயிருந்து ராஜதுரை சிரித்துக்கொண்டே வந்தான். "அத்தை, வாங்க. நெட்டை எந்தப் படியில அளக்கறதுங்க?"

"நீ சும்மா இருடா" என்றாள் பொன்னாயி. "மடிப்பிச்சைன்னா தானியம் கேப்பாங்க, வெல்லம் கேப்பாங்க. நெட்டுக் கேட்டவளை இந்த நாட்டுலயே கண்டதில்ல."

"இப்பக் கண்டுக்க."

"எதுக்கு?"

"சாமிக்குக் கேட்டா எதுக்குன்னு கேக்கலாமா?"

அவளுக்கு வழியில்லை. என் ஏந்தின முந்தானை இன்னும் ஏந்தினபடியே இருந்தது. தெருவில் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். "குடுத்துத் தொலைடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராஜதுரை நாற்காலி போட்டான், பாஸ்வேர்டு சொன்னான், அறையில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர்களிடம் போய் "சார், கொஞ்ச நேரம் வீடியோ பாக்காம இருங்க, சாமி காரியம்" என்றான். மணிமேகலைக்கு வாய்க்க வேண்டியவன். நல்லவன்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு பைலாக. பச்சைக்கோடு நகர நகர ஆர்த்தி முகத்தில் ரத்தம் வந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குள் போகவில்லை.

பாதிக்கு மேல் ஏறியிருக்கும். காப்பித் தம்ளரோடு வந்த பொன்னாயி ஆர்த்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இதாரு மூலையில?"

ஆர்த்தி திரையைக் கையால் மறைக்கப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நானா இது? இப்படி வாயப் பொளந்துக்கிட்டு? இதையா மெட்ராசுக்கு அனுப்பற?"

"ஆத்தா, அது வந்துங்க—"

"வெட்டு என்னை."

"வெட்ட முடியாதுங்க ஆத்தா. ஒரு ஓரத்தை எடுத்தாக்கூட இது சாட்சிக்கு ஆகாதுங்க."

"அப்ப இது போகக் கூடாது." விறுவிறுவென்று நெட்டுப் பெட்டி இருக்கிற சுவரோரம் போய் சுவிட்ச் மேல் கையை வைத்தாள். "நான் தூங்கினது யாரால? விடிஞ்சதுல இருந்து முறைக்கு உக்காந்திருந்தேன். உங்கம்மாயி சாமையப் பொடைச்சாளா, எண்ணுனாளா? எனக்குத் தெரியாதா அவ எதுக்கு அப்படிப் பொடைச்சான்னு?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்வது? வைய முடியாது. சாமி பேரில் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் இன்னும் அழுத்தியிருப்பாள். என் நாத்தனாரை எனக்குத் தெரியும். ஆர்த்திதான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, என் படத்தை ஒருத்தன் அவன் பேருல போட்டுக்கிட்டான். அவன் படத்துல இந்த மூலை இருட்டு. உள்ள நீங்க இருக்கறது அவனுக்குத் தெரியாது. நீங்க இருக்கறதாலதான் இது நான் எடுத்ததுன்னு நம்புவாங்க. உங்களை வெட்டிட்டா எனக்குச் சாட்சியே இல்லீங்க."

பொன்னாயி கையை எடுக்கவில்லை. ஆனால் அழுத்தவுமில்லை. கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வர ஆரம்பித்தது, எனக்குத் தெரிந்த அதே சிரிப்பு.

"அப்ப உங்கம்மாயி மட்டும் இருந்தா அது திருட்டுப் படம். நானும் இருந்தாத்தான் நெசப் படம். அப்படியா?"

"ஆமாங்க ஆத்தா."

"நீ சொல்லாத. அவ சொல்லட்டும்."

என்னைப் பார்த்தாள். ராஜதுரை தரையைப் பார்த்தான். ஆர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. கார்டை ஒருத்தன் கையில் கொடுத்து ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்து இவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் வாயால் கேட்கவில்லை.

"ஆமா" என்றேன்.

"என்ன ஆமா?"

இவளை! "ஆமா பொன்னாயி. நீ இருந்தாத்தான் நெசம்."

கெளுத்தி முள்ளு தொண்டையில் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை ஆர்த்தி பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தனை படத்துல இருக்கறேன்? எல்லாத்தையும் காட்டு" என்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் கண் விழித்திருக்கிறாள், என்னை முறைக்கிறாள். "இது நல்லாருக்குது" என்றாள். பைல் ஏறி முடிகிற வரைக்கும் எழவில்லை. நடுவில் ஆர்த்தி தலையைத் தடவி, "எம் பேத்தியாப் பொறக்க வேண்டியது" என்றாள்.

யாரால் கெட்டுச்சு? யாரால்? காப்பு இல்லாமல் இருந்தால் கேட்டிருப்பேன்.

விலாசத்தை மேடத்துக்கு அனுப்பியாயிற்று.


சித்திரை 20, சனி

"அனைத்தும் கிடைத்தன" என்று மேடம் பதில். ஆர்த்தி களி ரெண்டு உருண்டை தின்றாள்.


சித்திரை 24, புதன்

நோம்பி முடிந்தது. மாவிளக்கு அணையாமல் போய்ச் சேர்ந்தது. மணிமேகலை வந்திருந்தாள், பொன்னாயி வீட்டுக்குப் போன கதையை என்னிடம் கேட்காமல் ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "நீயா அம்மா?" என்றாள். போய் வேலையைப் பார் என்றேன்.

காப்பு அவிழ்த்தாயிற்று. இனி யாரையும் வையலாம். முதலில் யுவராஜை வைதேன், ஆற்றோரமாக நின்றுகொண்டு, வாய் வலிக்கிற வரைக்கும்.


சித்திரை 28, ஞாயிறு

மேடம் போனில் பேசினார். ஆர்த்தி சத்தமாக வைத்தாள், நானும் கேட்டேன்.

யுவராஜ் தன்னிடம் இருந்த ரா பைல் அழிந்துவிட்டது என்றானாம். சரி, நீங்கள்தானே எடுத்தீர்கள், இடது மூலை இருட்டில் என்ன இருந்தது என்று கேட்டாராம். சாமை மூட்டை என்று எழுதி அனுப்பினானாம். மூட்டை இருக்கிறதுதான். அதன்மேல் சாய்ந்தவளைத்தான் அவனுக்குத் தெரியாது. அவன் பேரை எடுத்துவிட்டார்கள். ஆர்த்தி பேர் போட்டாயிற்று.

இன்னொன்றும் சொன்னார். ரா பைல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தாராம். "ஒரு காலை முழுக்கப் பொறுமையா நின்னு பாத்திருக்கீங்க. எங்ககூட வந்து வேலை செய்யறீங்களா?" என்று.

ஆர்த்தி போனை வைத்துவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பொன்னாயிக்கு யார் சொன்னார்களோ. பொழுது போவதற்குள் ஊர் பூராவும் சொல்லியிருக்கிறாள், என் சாட்சியில்தான் ஜெயித்தது என்று. கோர்ட்டுக்குப் போய்க் கூண்டில் ஏறின மாதிரி.


வைகாசி 9, வெள்ளி

ஆர்த்தி சென்னை வேலைக்குக் கிளம்பினாள், சோளக்காடு ஊரில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கேமராப் பையை மடியில் வைத்துக்கொள், மேலே போடாதே, எவனிடமும் கொடுக்காதே என்றேன். தெரியும் அம்மாயி என்றாள்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. ரெண்டு பேருக்குக் களி கிண்டிவிட்டேன், கை பழக்கம்.


வைகாசி 16, வெள்ளி

படம் அனுப்பியிருக்கிறாள், போனில். அவள் தங்கியிருக்கிற அறை, பக்கத்துக் கட்டில் பெண், கடல். எல்லாம் சின்னது, மங்கல். கடல் குட்டை மாதிரி இருக்கிறது. நசுக்கினதை எனக்கு அனுப்பாதே, முழுசாக அனுப்பு என்று சொன்னேன். "முழுசா அனுப்பினா உன் போன் தாங்காது. மாமா ஊட்டு டிவிக்குத்தான் அனுப்பணும், போவியா?" என்றாள்.

யோசிக்கிறேன் என்றேன்.


வைகாசி 25, ஞாயிறு

போட்டியில் தேறின படங்களைச் சென்னையில் வைத்திருக்கிற கண்காட்சி நேற்று ஆரம்பித்துவிட்டது. ஆர்த்தி படம் அனுப்பியிருக்கிறாள், இறங்கிவிட்டது, வாருங்கள் என்று ராஜதுரை தெருவில் நின்று கூப்பிட்டான். தூறலில் நனைந்துகொண்டே போனேன். படியில் உட்காரலாமென்று பார்த்தேன், அங்கிருந்து டிவி தெரியவில்லை. உள்ளே போனேன்.

டிவி பூராவும் ஒரு வெள்ளைச் சுவர். சுவரில் எங்கள் களம், ஆள் உயரத்துக்கு. ஆர்த்தி மூலையைக் கொஞ்சமாக வெளுக்க வைத்திருக்கிறாள், உற்றுப் பார்த்தால்தான் ஆள் தெரியும். கண்ணாடி போட்ட ஒரு பெண் அந்த மூலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொருத்தர் என் முறத்தைப் பார்க்கிறார்.

"பாத்தயா, எங்கிட்டத்தான் நிக்கறா" என்றாள் பொன்னாயி. நான் திரும்பவில்லை.

படத்துக்கு அடியில் சின்னதாக ஒரு அட்டை. ராஜதுரை அதைப் பெருசு பண்ணினான். எவ்வளவு பெருசு பண்ணினாலும் எழுத்து உடையவில்லை.

பொன்னாயிக்குப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்குது?" என்றாள். ராஜதுரை வாயைத் திறந்தான். "நீ இரு சாமி, அவ படிக்கட்டும்."

படித்தேன். "ஒளிப்படம், ஆர்த்தி. கொல்லிமலை."

"எம் பேரு?"

"இல்ல. எம் பேருந்தான் இல்ல."

தூறல் பெருமழையாகிவிட்டது. தகரக் கூரையில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காப் படி நங்கையா" என்றாள்.

படித்தேன்.